நுரைக்கட்டி முனீஸ்வரர்

தினேஸ்வரி கலை இயக்கம் கற்றுக்கொண்டது பழைய அமெரிக்கப் படங்களைப் பார்த்துத்தான். நடிகர்கள் பேசும்போது அவள் கண் பின்னால் இருக்கும் சுவரில் நிற்கும். ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றிலேயே தலை நரைத்த ஒரு கலை இயக்குநர் அவளுக்கு மானசீக குரு. மாளிகை, துறைமுகம், தேவாலயம் என்று வாழ்நாளெல்லாம் கட்டினார். படம் முடிந்ததும் பிரித்துப் போட்டார்கள். ஒரு கதவுகூட மிஞ்சவில்லை. அதை நினைத்து ஈப்போ வீட்டில் அவள் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுண்டு.

பீடோருக்கு அருகே, ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில், தொலைக்காட்சிப் படத்துக்காக அவள் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தை செட்டாகக் கட்டியிருந்தாள். லயத்தின் கோடியில் காவல்சாமி முனீஸ்வரர் சிலை. மேலே பிளாஸ்டர் பூச்சு, உள்ளே வெறும் தெர்மாகோல் நுரைக்கட்டி.

படப்பிடிப்பு முடிந்துவிட்டது. மாலைக்குள் இடத்தைக் காலிசெய்து தரவேண்டும். சுத்தியலோடு போனவள் அப்படியே நின்றாள். சிலைக்கு அரளி மாலை. காலடியில் அறுத்த எலுமிச்சை, புகையும் சுருட்டு. எதிரே தோட்டத்துப் பழைய ஆட்கள் கூட்டமாகக் கைகூப்பி நின்றார்கள்.

"அக்கா, இது செட்டுக்கா. உள்ள ஒண்ணும் இல்ல," என்றாள் முன்னால் நின்ற நவமணியிடம். நவமணி இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது கமுந்திங் தொழிற்சாலையில் வேலை.

"தெரியும்லா. நீ சாயம் அடிக்கறப்பவே பாத்தோம்."

"அப்புறம் ஏன்கா?"

"தோட்டத்த வித்தப்ப நம்ம முனிய புல்டோசர் தள்ளிருச்சு. எறக்கி எடுத்துக்கக்கூட நேரம் குடுக்கல. நேத்து இங்க எலுமிச்ச அறுத்துக் கூப்ட்டோம், வந்துட்டாரு. இனி நீ அவரு மேல சுத்தியல வச்சிருவியா?"

தினேஸ்வரி சிலையைப் பார்த்தாள். இடிக்காவிட்டால் அடுத்த படம் கிடைக்காது. இடித்தால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த அமெரிக்கர் கட்டிய தேவாலயத்தில் யாராவது உண்மையாகவே மண்டியிட்டிருப்பார்களா?

பூசாரி சன்னாசி சிரித்தார். "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு. போதும் விடு, நவமணி."

அவர் சொம்பில் நீர் நிரப்பி மாவிலையும் தேங்காயும் வைத்தார். சிலைக்கும் சொம்புக்கும் மஞ்சள் நூல் கட்டினார். கோயிலைப் பிரிக்கும் முன் சாமியை நீருக்கு இறக்கும் வழக்கம் அது. உடுக்கை ஒலித்து ஓய்ந்தது. பிறகு நூலை அறுத்தார்.

"இப்ப இது பொம்மதாம்மா, ஒடச்சிக்க. சாமிய எங்க வீட்டுப் பின்னால கொட்டாய் போட்டு வச்சிக்கிறோம். அவருக்கு எறங்க ஒரு எடம் கட்டிக் குடுத்தியே, நல்லா இரு."

நன்றி சொல்ல வேண்டியவள் தான்தான் என்று தினேஸ்வரிக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு, வேனில் ஏறி உட்கார்ந்த நவமணியின் மடியில் இருந்த சொம்பைக் கும்பிட்டாள். வேன் செம்பனை வரிசைக்குள் மறைந்தபிறகுதான் சுத்தியலை எடுத்தாள்.