படிகம் ஆறும்வரை

1

அறையில் இருந்தவர்கள்: அக்கா, சித்தப்பா, நான், உலை. உலைக்குள் கால்சியம் புளோரைடு படிகம், சாப்பாட்டுத் தட்டு அகலம். (அதை வாங்க வந்தவர் வெளியே காரில். அவர் கதைக்குள் வரமாட்டார்.)

கதை ஒரு படத்திலிருந்து வந்தது. படிப்பை விட்டபோது கையோடு வந்த ஒரே பாடப்புத்தகத்தை, இரவு ஷிப்டில் உலைக்குக் காவல் இருக்கையில் புரட்டுவேன். அதில் இந்தப் படிகத்தின் உள்ளமைப்புப் படம்: மூலைக்கு ஒரு புளோரின் நிற்கும் கனசதுர அறைகள். ஓர் அறையில் கால்சியம், அடுத்தது காலி. பாதி வீடுகளில் ஆளில்லாத குடியிருப்பு. ஆனாலும் நிற்கிறது.

2

தொடக்கம் ஒன்று: ‘கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் உள்ளே விடும் இப்படிகம், திடீர்க் குளிரை மட்டும்...’ வேண்டாம். பாடப்புத்தக நெடி.

நேராகச் சொல்கிறேன். சூடான படிகத்தின்மேல் குளிர்ந்த காற்று பட்டால் பிளந்துவிடும். அதனால் சித்தப்பாவின் பட்டறையில் ஒரு சட்டம்: உள்ளே வைத்தவரிடமே உலை அறைச் சாவி, ஆறும்வரை. போன படிகம் அக்கா வைத்தது, விரிசல் விட்டது. இதுவும் அவள் வைத்ததுதான்; இதுவும் போனால் அவளுக்கு வேலை இல்லை என்று சித்தப்பா சொல்லியிருந்தார்.

3

காலையில் நான் கிளம்பும் நேரம்.

“நூத்தியிருபதுதான் காட்டுது. இஸ்திரிப் பெட்டி இதவிடச் சூடு. திற, காட்டிட்டு மூடிரலாம்” என்றார் சித்தப்பா.

“நாளைக்கு வரச் சொல்லுங்க” என்றாள் அக்கா.

“நாளைக்கு வேற பட்டறைக்குப் போயிருவான்.”

“விரிசல் விட்டா யார் தலைல விடியும்?”

“உள்ள வச்சது நீதானே.”

“அப்ப சாவியும் எங்கிட்டதானே.”

(சித்தப்பாவை முதலில் வில்லனாக எழுதினேன். பொருந்தவில்லை. சட்டம் போட்டதே அவர்தான். திறக்கச் சொல்லிக்கொண்டே, காற்று படக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினார். அக்காவை அழவைத்தும் பார்த்தேன். அவள் கண்கள்... இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

முடிவு அ: படிகம் தெளிவாக வருகிறது. முடிவு ஆ: குறுக்கே ஒரு கோடு; அக்கா தன் பையை எடுக்கிறாள். எதை எழுதினாலும் உலையைத் திறந்தாக வேண்டும். இன்னும் ஆறவில்லை. இரண்டு முடிவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆறியபின் பாருங்கள்.

அன்று நடந்தது இவ்வளவுதான். அக்கா சித்தப்பாவின் தோளைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோனாள்.

“கார்ல இருக்கிறவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. பேசிக்கிட்டு இருங்க.”

“அப்படியே எங்கண்ணன். அதே வாய், அதே பிடிவாதம்.”

“சரி, படி இருக்கு. பாத்து.”

அவர் இறங்கியதும் கதவைச் சாத்தி, உள்ளிருந்தே பூட்டினாள்.