வாளிக்கு எந்த ஊர்

இருதயமேரி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் புருஷன் வாயில் ஊற்றினாள். பாதி தொண்டைக்குள் இறங்கியது. பாதி கடைவாய் வழியாகக் காதுவரை ஓடியது. முந்தானையால் துடைத்தபோது கன்னம் இருந்த இடத்தில் எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. நேற்றுக் காலையில்கூடச் சவுரிராயனுக்கு முகம் என்று ஒன்று இருந்தது. அதற்குள் யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சிக் குடித்துவிட்ட மாதிரி இருந்தது.

கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கொழுந்தன் தொம்மை உள்ளே வந்தான். முழங்கைவரை ஈரம்.

"துணியெல்லாம் அலசிப் போட்டுட்டேன் அண்ணி. யாரும் பாக்கல."

"எங்க அலசன?"

"கெணத்தடியிலதான். ஏரிக்கு எடுத்துக்கினு போனா இன்னாடா இவ்ளோ துணின்னு தெருவே கேக்கும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கிணற்றைச் சுற்றிப் போட்ட மேடை இடிந்து வெகுகாலமாகிறது. அங்கே கொட்டுகிற தண்ணீர் வெளியே போவதில்லை. வெடிப்பு வழியாகத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே வழியும். மழைக்கு முன்னால் பூசிவிடவேண்டும் என்று சவுரிராயன் சொல்லிக்கொண்டே இருந்தான். அது அந்த வரிசையிலிருந்த எல்லா வீடுகளுக்கும் பொதுக் கிணறு.

"யாராவது கேட்டா வயித்து வலின்னு சொல்லு," என்றான் தொம்மை. "அந்தப் பேரு மட்டும் வாயில வரக்கூடாது."

அந்தப் பேரைத் தெருவில் யாரும் சொல்வதில்லை. பெரிய நோவு என்பார்கள். அல்லது வெறுமனே விழுப்புரம் இருக்கும் திசையில் கையைக் காட்டுவார்கள். பர்மா அரிசி நின்றுபோன அந்த வருஷம் நோவு ரயிலேறி வந்துகொண்டிருந்தது. விழுப்புரத்தில் ஸ்டேஷனைச் சுற்றி ஆட்கள் விழுகிறார்கள் என்றார்கள். அனந்தபுரத்தில் சந்தையை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். பேரைச் சொன்னால், கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு அது வாசலில் வந்து நிற்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

சவுரிராயன் ஒருவன்தான் அதை நடுத்தெருவில் நின்று சொன்னவன். "காலரான்னு சொன்னா வந்துடுமா? அதுக்கு இன்னா காதா இருக்குது? பேரே அதோட பேரு இல்ல. வெள்ளக்காரன் வச்சது. அவனுக்கு முன்ன வேற யாரோ வச்சது." பக்கத்து வீட்டுப் பொன்னி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியதைப் பார்த்து அவன் சிரித்தான். அது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்பது இருதயமேரிக்குத் தெரியும். மேட்டுத்தெருவில் ஒருத்தி போனபோது சர்க்கார் வண்டி வந்தது. பாயில் சுருட்டி வைக்கோலுக்கு அடியில் போட்டு ஏரிக்கரைப் பள்ளத்துக்கு ஓட்டிப்போய்ச் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். மணி அடிக்கவில்லை. சாமியார் வரவில்லை. மாதா கோவிலிலிருந்து தூம்பா வரவில்லை. எந்தத் தெருக்காரன் செத்தாலும் அந்தக் கறுப்புத் துணி போட்ட பாடையில்தான் கல்லறைத்தோட்டத்துக்குப் போவான். மதிலோரம் அவர்களுடைய பிள்ளை கிடந்தான், பேச்சு வருவதற்குள் போன பிள்ளை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுச் சவுரிராயன் பக்கத்து மண்ணைக் காலால் தட்டிக் காட்டுவான். "இது எனக்கு. அதுக்கு அடுத்தது உனக்கு. நடுவுல எவனையும் உடாத."

சாமியாரைக் கூப்பிட்டால் சாகக்கிடக்கிறவனுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைபூசுதலுக்கு வந்துவிடுவார். வந்தால் பார்ப்பார், பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் அவள் கூப்பிடவில்லை.

"வேண்டாம் வேண்டாம்னு சொன்னேனே," என்றாள் மெதுவாக. யாரிடம் சொன்னாள் என்று தொம்மைக்குத் தெரியவில்லை.

விழுப்புரத்துக்குப் போகவேண்டாம் என்றுதான் சொன்னாள். ஒரு வார்த்தைக்காகப் போனான்.

சவுரிராயனுக்கு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைக்கிற வேலை. மண்டிக்கு எந்த ஊர் ஆளெல்லாமோ வருவார்கள். மார்வாடி, தெலுங்கு செட்டி, கண்டமங்கலம் பக்கமிருந்து பாண்டிச்சேரி மில்லுக்குப் போய்வருகிறவன் என்று யார் வந்தாலும் கோணி ஊசியைக் காதில் செருகிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். உங்க ஊர்ல இதுக்கு இன்னா பேரு, அதுக்கு இன்னா பேரு. மனிதர்களிடம் ஊர் கேட்கிற மாதிரியே அவன் வார்த்தைகளுக்கும் ஊர் கேட்பான். கல்யாணமான புதிதில் இருதயமேரி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அடுப்படியக் குசினின்றியே, அதுக்கு எந்த ஊரு தெரியுமா?" என்றான். அவள் பயந்துபோனாள்.

"கப்பல்ல வந்தது. பறங்கிக்காரன் கொண்டாந்தது. மேசை, சாவி, சன்னலு எல்லாம் அவனோடதுதான்."

"அப்ப சோறு?"

"அது நம்மளுது."

"அது போதும். வந்து உக்காருங்க," என்றாள்.

தூம்பாவும் கப்பலில் வந்ததுதான் என்று ஒருநாள் கண்டுபிடித்தான். அதில் அவனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா மேரி. நாம ஒருநாளும் கப்பல் ஏறப்போறதில்ல. ஆனா கடசியில கப்பல்ல வந்த வார்த்தையிலதான் ஏறிப் போறோம்." மண்டியில் அவனுக்கு வார்த்தை சவுரி என்று பேர் வைத்தார்கள். பல தடவை தப்பாகவும் சொல்லுவான். அதை யாராவது எடுத்துக் காட்டினால் கோபம் வராது. மறுநாளே அதற்கு வேறொரு ஊரைச் சொல்லுவான்.

ஒரு வார்த்தை மட்டும் அவனை ரொம்பக் காலம் அலைக்கழித்தது. வாளி. கிணற்றடியில் தொங்குகிற அந்தத் தகர வாளியை அவன்தான் வாங்கிப் போட்டான். மார்வாடி பால்டி என்றான். அது இங்கிருந்து போனதா, அங்கிருந்து வந்ததா என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. தமிழ்தான், பழைய பாட்டிலெல்லாம் இருக்கிறது என்றார் ஒரு வாத்தியார். எந்தப் பாட்டு என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், சைகோனில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த கிழவர் ஒருவர் இருப்பதாகவும், ஐந்தாறு பாஷை தெரிந்தவரென்றும், படுத்த படுக்கையாகிவிட்டாரென்றும் யாரோ சொன்னார்கள்.

"அவுரு பூட்டாருன்னா யாரக் கேக்கறது?" என்றான்.

"ஊரே அங்கிருந்து ஓடியாருது. நீங்க வாளியக் கேக்க அங்க போறீங்க."

"காலையில போய் சாயங்காலம் வந்துடப்போறேன். பேஜாரு பண்ணாத."

சாயங்காலம் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகமெல்லாம் சிரிப்பு. "கெடச்சிடுச்சி மேரி." கிழவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள், குடித்தேன் என்றான். "வாளிக்கு ஊரு கெடச்சிடுச்சி. இரு, சாப்ட்டு சொல்றேன்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை வைத்தாள். கேட்கவில்லை. அவள் கேட்கட்டும் என்று அவனும் சொல்லாமல் படுத்தான். விடிந்ததும் வயிறு பிடுங்கியது.

இப்போது அவன் உதடு அசைந்தது. இருதயமேரி காதைக் கொண்டுபோனாள். குரல் போய் வெறும் காற்றுதான் வந்தது.

"கெணத்துலயா... அலசனான்?"

தொம்மை சுவரைப் பார்த்தான்.

"தண்ணி எடுக்க வேணாம்னு சொல்லு."

"சொல்றேன்."

"பேரச் சொல்லி சொல்லு. இல்லன்னா கேக்கமாட்டாங்க."

"சொன்னா உங்கள வண்டியில தூக்கிக்கினு பூடுவாங்க. புள்ள பக்கத்துல வைக்கமாட்டாங்க."

அவன் கண்ணை மூடினான். மறுபடி திறக்கும்வரை அவள் அவன் மூச்சை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "போவட்டும்," என்றான். "சொல்லு மேரி."

அப்போது கொல்லையில் ராட்டினம் கிறீச்சிட்டது.

இருதயமேரி தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடினாள். பொன்னி இடுப்பில் குடத்தோடு நின்றாள். அவள் மகள் கிருஷ்ணவேணி முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் குளிப்பதற்குத் தண்ணீர் என்றால் பொன்னி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கிணற்றடிக்கு வந்துவிடுவாள். வாளி கீழே போய்த் தண்ணீரில் தொம்மென்று விழுந்தது.

"பொன்னி, இன்னிக்கு வேணாம். அய்யர் கெணத்துல எடுத்துக்க."

"அங்க உடுவாங்களா நம்மள? இன்னாத்துக்கு வேணாம்?"

"பூன உழுந்துடுச்சி."

பொன்னி கயிற்றைப் பிடித்தபடியே குனிந்து எட்டிப் பார்த்தாள். "எங்க பூன? எனுக்குத் தெரியலியே. நீச்சல் கத்துக்கினு ஏறிப் பூட்டுதா?" சிரித்துக்கொண்டே இழுத்தாள். "உன் ஊட்டுக்காரரு எதுனா கத சொன்னாரா? பூனைக்கும் ஊரு கண்டுபுடிச்சிட்டாரா? எங்க ஆளையே காணோம்?"

"தூங்கறாரு."

"பகல்லியா?"

இருதயமேரிக்கு அந்தப் பேர் வாயில் வந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. மதிலோரத்து மண் கண்முன் நின்றது. தண்ணீர் குடத்தில் நிறையும் சத்தம் மேலேறி மேலேறி வந்து நின்றது. பொன்னி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னாடி ஒரு மாதிரி நிக்கற, போய் ஆவற வேலையப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ஈரம்.

உள்ளே வந்தபோது சவுரிராயனுக்கு மூச்சு மேலே மட்டும் இருந்தது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து காதில் சேசு மரி சூசை சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தொம்மை வந்து தோளைத் தொட்டு, "போதும் அண்ணி," என்றான்.

அழக்கூடாது என்று தொம்மை சொல்லியிருந்தான், குளிப்பாட்டி வேட்டி மாற்றி முடிக்கும்வரை. அவசர அவசரமாக முடித்தார்கள். வாயைக் கட்டி நெற்றியில் சிலுவை வரைந்தபின் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தான். தொம்மை கோவிலுக்கு ஓடினான். மாரடைப்பு என்று சொல்லிவிட்டு வந்தான். "தூம்பா வருது. ஜல்தியா முடிச்சிடலாம்."

துக்க மணி அடிக்கத் தொடங்கியது. விட்டு விட்டு அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் தெருவில் ஒரு கதவு திறந்தது. ஆட்கள் வந்து வாசலோடு நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளேயும் வரவில்லை. முந்தானையால் மூக்கை மூடியிருந்தார்கள்.

மணிச் சத்தம் கேட்டுத்தான் சானிட்டரி இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கனும் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பின்னால் தகர டப்பாவோடு ஒரு ஆள். கூட்டம் வழிவிட்டது.

"என்ன ஆச்சு?"

"நெஞ்சு வலிங்க," என்றான் தொம்மை. "நல்லாதான் இருந்தாரு. திடீர்னு உழுந்துட்டாரு."

பாண்டுரங்கன் வாசற்படிவரை வந்து உள்ளே பார்த்தார். சுத்தமான வேட்டி, மெழுகுவத்தி, ஜெபமாலை. இருதயமேரியைப் பார்த்தார். "வாந்தி, பேதி ஏதாவது இருந்ததாம்மா?"

தெருக்கோடியில் தூம்பாவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் திரும்புவது தெரிந்தது. கறுப்புத் துணி காற்றில் ஒருபக்கமாக ஒதுங்கியது. எதிர்வீட்டு ஓரம் பொன்னி நின்றாள். அவளுக்குப் பின்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கிருஷ்ணவேணி. அவள் கையில் செம்பு இருந்தது. வேடிக்கை பார்த்தபடியே அதை அண்ணாந்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

"காலரா," என்றாள் இருதயமேரி.

ஜனங்கள் அலைபோல் பின்னால் போனார்கள். யாரோ ஒரு கிழவி தரையில் துப்பினாள். செம்பு விழுந்து உருண்டது.

"அண்ணி," என்றான் தொம்மை.

"காலராதான். துணியக் கெணத்தடியில அலசிட்டோம். அந்தத் தண்ணிய யாரும் குடிக்கக்கூடாது. பொன்னி, கொடத்தக் கீழ ஊத்து. பொண்ணுக்குக் குடுக்காத. பேரு காலரா. கேட்டுதா?"

தன் குரல் அவளுக்கே கேட்டது. அவன் நடுத்தெருவில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

மணி நின்றுபோயிற்று. யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். தூம்பா தூக்கியவர்கள் தெரு நடுவில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு திரும்பினார்கள். திரும்புவதற்கு அந்தத் தெரு குறுகல். பின்னால் இருந்தவன் முன்னால் வர, முன்னால் இருந்தவன் பின்னால் போக, சுவரில் இடித்துக்கொண்டு திருப்பினார்கள்.

வெயில் சாய்வதற்குள் வண்டி வந்துவிட்டது. பாயின் ஒரு முனையைத் தொம்மை பிடித்தான். அழுதுகொண்டே பிடித்தான். அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியோடு வரக்கூடாது என்று இருதயமேரியிடம் சொல்லிவிட்டார்கள். கொல்லைவழியாகப் போனால் ஏரிப் பாதை தெரியும் என்று அவள் கொல்லைக்குப் போனாள். வைக்கோல் மட்டும் கொஞ்சதூரம் தெரிந்தது. புளியமரம் மறைத்தது.

பாண்டுரங்கனின் ஆள் கிணற்றடியில் இருந்தான். டப்பாவிலிருந்து கறுப்பாக மின்னுகிற மருந்தை வாளியில் போட்டுக் கரைத்து உள்ளே இறக்கினான். மேலும் கீழுமாகப் பலமுறை இழுத்துவிட்டான். அடியிலிருந்து நாவல்பழம் நசுங்கின மாதிரி ஒரு நிறம் பரவி வந்தது. தெருவில் பொன்னி குடத்தை உடைக்கிற சத்தம் கேட்டது. கூடவே அவளுடைய ஏச்சும் கேட்டது. ஏச்சில் சவுரிராயன் பேரும் இருந்தது.

வேலை முடிந்து அந்த ஆள் கயிற்றை அவிழ்த்தான்.

"இந்த வாளி யாருதும்மா?"

"எங்க ஊட்டுக்காரரோடது."

"நாங்க சொல்ற வரைக்கும் யாரும் எடுக்கக்கூடாது."

அவன் அதை இடிந்த மேடைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். இருதயமேரி கிட்டே போய் நின்றாள். விளிம்பிலிருந்து ஊதாத் தண்ணீர் ஒழுகி, வெடிப்பைத் தேடிப்போய், உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.