பிசின் பிடிக்காத நார்

செல்வமணி என்ன செய்தும் நார் வழுக்கிக்கொண்டுதான் வந்தது. வாழைநாரைப் பிசினில் பதித்து, இறுகியதும் இயந்திரத்தில் மாட்டி இழுக்க வேண்டும். பிசின் நன்றாகப் பிடித்திருந்தால் நார் பாதியில் அறுந்துபோகும். இவளுடையதோ வெண்ணெயிலிருந்து முடியை உருவியது மாதிரி முழுசாக வெளியே வந்தது. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, அலசி, உலர்த்தி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் ஒரு நல்ல முடிவு காட்டாவிட்டால் வேலை நீட்டிப்பு கிடையாது, சொந்த ஊரான தென்காசிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

திருவனந்தபுரம் வந்து ஒன்றரை வருஷமாகிறது. ஆய்வகத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். இவள் புரிந்துகொண்டு சிரிப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். கழக்கூட்டத்தில் எடுத்திருந்த வாடகை அறைக்குத் திரும்பினால் பேச்சுத் துணைக்குச் சுவர்தான். நாளுக்கு நாலு வார்த்தை தமிழ் பேச வாய்த்தவள், தரை துடைக்க வரும், தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரி ரத்னாபாய் ஒருத்தியே. வேலை முடிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உலர்ந்து சிக்குண்ட நாரை ஒவ்வொன்றாகப் பிரித்து விரலால் நீவிக் கொடுப்பாள். மகளின் பிரசவம், தேவாலயச் சபைச் சண்டை, மீன் விலை என்று அரைமணி நேரம் ஓடும். அந்த அரைமணிக்காகவே செல்வமணி நாரைச் சிக்காகவே விட்டுவைத்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

சபைக் கன்வென்ஷன் என்று ரத்னாபாய் நான்கு நாள் வரவில்லை. அந்த நாட்களில் தானே பிரித்துப் பதித்த எட்டு நாரும் பாதியில் அறுந்தன. செல்வமணி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. தலை வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்து, பேச்சுக்கிடையே கொண்டையைத் தடவித் தடவி நாரை நீவும் அந்த விரல்கள் கண்ணில் வந்தன. எண்ணெய் பட்ட இடத்தில் பிசின் எப்படி ஒட்டும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும்.

முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு நெஞ்சில்லை. கோழை என்றால் கோழைதான். உடன் வேலை செய்யும் ஆதிராவிடம் மலையாளத்தில் எழுதி வாங்கி அச்செடுத்து, கதவில் ஒட்டினாள்: ஆய்வாளர் தவிர வேறு யாரும் நாரைத் தொடக் கூடாது.

மறுநாள் ரத்னாபாய் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"வாயால சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டேனா, மக்களே?" என்றாள்.

அந்தக் குரலில் கோபமில்லை. அதுதான் செல்வமணிக்குத் தாங்கவில்லை. எண்ணெய் விஷயத்தைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் ரத்னாபாய் வாளியோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மாதக் கடைசியில் நீட்டிப்புக் கடிதம் வந்தது. இன்னும் இரண்டு வருஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து ரத்னாபாய் துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். செல்வமணி கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"மேடம், கால கொஞ்சம் தூக்குங்க" என்றாள் ரத்னாபாய்.

இத்தனை நாளும் வாய் நிறைய 'மக்களே'தான்; ஒரு முறைகூட அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. செல்வமணி காலைத் தூக்கிக்கொண்டாள்.