கள்ளக்கடலும் நெஞ்சுவலியும்

மட்டாஞ்சேரியில் அன்று ஓர் இலைகூட அசையவில்லை. அதுதான் அன்ஸியாவைப் பயமுறுத்தியது. காற்றும் மழையும் இல்லாமலே, எங்கோ தொலைவில் கிளம்பிய அலை திருடனைப் போலக் கரையேறுமே, அந்தக் கள்ளக்கடல் மத்தியானத்துக்குமேல் வரும் என்று டிவியில் சொன்னார்கள். மீதியைக் கேட்க அவளுக்குப் பொறுமையில்லை. போனை எடுத்துவிட்டாள். புருஷன் ஷானவாஸ் கூட்டாளி ஷங்கரோடு ஃபைபர் வள்ளத்தில் மீனுக்குப் போயிருந்தான்.

அதிசயமாக லைன் கிடைத்தது.

"கள்ளக்கடலாம். திரும்பி வந்துருங்க."

"இங்க கடல் எண்ணெய் ஊத்துன மாதிரி கெடக்கு. வலைய இப்பத்தான் போட்டோம். போன வை."

வாயில் வந்ததைச் சொன்னாள். "உம்மாவுக்கு நெஞ்சுவலி. உங்களத்தான் கேக்குறாங்க."

"ஷங்கரே, வலைய வெட்டி விடு!" என்று ஒரு கத்தல். லைன் அறுந்தது.

மாமியார் சகீலா அடுக்களையில் கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். "யாருக்குடி நெஞ்சுவலி?"

"உங்களுக்குத்தான் மாமி. அவுங்க கரைக்கு வர்ற வரைக்கும்."

"நல்ல மருமக! நான் மவுத்தாப் போறதும் எப்பன்னு சொல்லிரு, குளிச்சு ரெடியா இருக்கேன்."

அன்ஸியாவுக்குச் சிரிக்க வரவில்லை. ஆட்டோ பிடித்து போர்ட் கொச்சிக்கு ஓடினாள். வள்ளக்காரர்களின் சங்கக் கொட்டகையில் விஸ்வநாத் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"சேட்டா, அவரு திரும்பி வர்றாரு. எங்க வந்துட்டாருன்னு கேளுங்களேன்."

விஸ்வநாத் சாயா கிளாஸைக் கீழே வைத்தான். "வர்றானா? எவன் வரச் சொன்னது? ஆழத்துல கெடந்தா இந்த அலை தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டிட்டுப் போயிரும். கரைகிட்ட வந்தாத்தான் எந்திரிச்சு நிக்கும். அங்க பாரு!"

காயல் கடலில் சேரும் அழிமுகத்தை அவள் பார்த்தாள். காற்றே இல்லாத வெயிலில் தண்ணீர் சுவர் சுவராக எழுந்து கவிழ்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வர அவனுக்கு வேறு வழியில்லை.

விஸ்வநாத் மைக்கை அழுத்தினான். "ஷானவாஸே, உள்ள வராத. வெளியவே நில்லு. ஓவர்."

"நிக்க முடியாது சேட்டா. உம்மாவுக்கு நெஞ்சுவலி. எப்படியும் உள்ள கேறிருவேன்."

அன்ஸியா மைக்கைப் பிடுங்கினாள். கடலில் இருக்கும் அத்தனை வள்ளமும் கேட்கும் என்று தெரியும். கேட்கட்டும். "பொய்ங்க! நான் சொன்னது பொய். உம்மா நல்லா இருக்காங்க."

"நான் பதறுவேன்னு இப்பத்தான் பொய் சொல்ற. எனக்குத் தெரியாதா உன்ன?"

உண்மைக்கு எங்கே போவாள்? மாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மைக்கோடு சேர்த்துப் பிடித்தாள்.

"மாமி, உங்க மவன் அழிமுகத்துக்கு வர்றாரு. ஏசுங்க!"

"என்னடி?"

"நல்லா சத்தமா ஏசுங்க மாமி!"

சகீலாவுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. "எலே கூறுகெட்டவனே! எனக்கு நெஞ்சும் வலிக்கல, ஒரு மண்ணும் வலிக்கல! கப்பை வேகுது. ஒரு அடி உள்ள வந்த, காலை ஒடிச்சிருவேன்!"

ஏதோ ஒரு வள்ளத்தில் எவனோ சிரித்தான். பிறகு வெறும் கரகரப்பு. அழிமுகத்தில் இன்னொரு சுவர் எழுந்து கவிழ்ந்தது.

"திருப்பிட்டோம்," என்றது ஷங்கரின் குரல்.

அதன் பின்னால் ஷானவாஸ், அழாத குறையாக: "வலைய வெட்டி விட்டுட்டேனேடி."

"போனாப் போவுது," என்றாள். "நீங்க அங்கேயே நில்லுங்க. ஓவர்."