காலியாக இருந்த ஒரு கட்டம்

1

இந்தக் கதை ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸிலிருந்து வந்தது. போன வாரம் கொட்டகையை ஒழிக்கும்போது கிடைத்தது. வலது கால் அடியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஒன்பது வருஷத்துச் சேறு. தூக்கிப் போடக் கை வரவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஏழாவதோடு நின்றவன். எழுதுகிறவர்களை நம்புவதில்லை. படிக்கிறவர்களையும்தான், பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். போகிறவர்கள் இப்போதே போகலாம்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஓடைக்கரையில் தவளைகள் பாடிக்கொண்டிருந்தன." (பொய். தவளை எங்கே பாடியது? கத்தும்.)

"இயற்கை அன்னையின் மடியிலே" (இதற்கு நானே எழுந்து போய்விட்டேன்.)

"ஒரு காவலாளி இருந்தான். குடிகாரன், சோம்பேறி. அவன் ஒருநாள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு"

மூன்றாவது பரவாயில்லை என்று தோன்றியது. வைத்துக்கொண்டேன்.

2

ஆராய்ச்சி நிலையம் என்று பெயர்தான் பெரிசு. இரண்டு அறை, தகரக் கூரை, வாசலில் ஒரு வாளி. நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால் சிரிப்பார், தவளைக்குத்தான் டாக்டர். அவருக்கு எடுபிடி வேலை பார்த்தவன் நான்.*

குன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஓடை, அந்தப் பக்கம் ஒரு ஓடை. இந்தப் பக்கத்தில் லாரி கழுவுவார்கள், கல்குவாரித் தூள் வந்து கலக்கும். தவளைகளுக்குத் தோல் நோய் கண்டு பாதிக்கு மேல் போய்விட்டது. அந்தப் பக்கத்து ஓடையில் எங்கள் இருவரைத் தவிர மனுஷக் கால் பட்டதில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கெட்ட ஓடை, நல்ல ஓடை என்று நான் பேர் வைத்தேன்.

"ஓடைல என்னண்ணே நல்லது கெட்டது? எல்லாம் நாம பண்ணதுதானே" என்பார்.

அங்கே ஒரே ஒரு சட்டம். கெட்ட ஓடையில் இறங்கிய பூட்ஸை வாளியிலிருக்கும் மருந்துத் தண்ணீரில் முக்கி, தேய்த்துக் கழுவாமல் நல்ல ஓடைக்குப் போகக் கூடாது. நோட்டில் நாளுக்கு, ஆளுக்கு ஒரு கட்டம். கழுவினால் டிக்.

"கண்ணுக்கே தெரியாத நோய் காலோட நடந்து போகுமாக்கும்" என்றேன்.

"போகும்ணே. மைக்ராஸ்கோப்புல வந்து பாருங்க."

பார்த்தேன். புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

(* "உதவியாளர்" என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்வார். நான்தான் எடுபிடி என்பேன்.)

3

இதுவரை எழுதியதை என் மனைவி வாங்கிப் படித்தாள்.

"யாருங்க இந்தக் குடிகாரக் காவலாளி? அங்க உங்க ரெண்டு பேரைத் தவிர ஈ காக்கா கிடையாதே."

"கதைன்னா நாலு பேரு வரத்தான் செய்வாங்க."

"வரட்டும். உங்க பூட்ஸ எதுக்கு மாட்டிக்கிட்டு வர்றான்?"

காவலாளியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இனி வருகிறவன் நான்.

4

அந்த மருந்துத் தண்ணீர் கையைத் தின்றுவிடும். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் கழுவினேன். விரலிடுக்கெல்லாம் வெடித்தது. சோற்றில் கை வைத்தால் எரியும்.

ஒருநாள் டாக்டரம்மா வெளியூரில் கூட்டத்துக்குப் போயிருந்தார். காலையில் கெட்ட ஓடையை முடித்தேன். மதியம் நல்ல ஓடைக்குப் போக வேண்டும். வாளியைப் பார்த்தேன். கண்ணாடி அழுக்குக்காக என் கை ஏன் வேக வேண்டும்? அப்படியே போனேன். திரும்பி வந்து டிக் போட்டேன்.

அன்று ஒருநாள் மட்டும்தான் நான்

(இந்த வரியை நாலு தடவை தொடங்கி நிறுத்திவிட்டேன்.)

அன்று மட்டும் இல்லை.

5

மூன்றாம் மாதம் நல்ல ஓடையில் தவளைகள் கல்லின் மேல் காலை நீட்டிக் கிடந்தன. தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது. முதல் நாள் நாற்பத்தொன்று எண்ணினோம். கடைசியில் எண்ண எதுவும் இல்லை. ஒன்றாவது கத்துகிறதா என்று கேட்க, பொழுது சாயும்வரை டாக்டரம்மா என்னைக் கரையில் உட்கார வைத்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் பெயருக்கு நேரே ஒரு கட்டம் காலி.

"நான்தாண்ணே."

"என்னம்மா?"

"அன்னைக்கு நான் கழுவலை போல. கழுவுன ஞாபகமும் இல்லை. உங்க பேருக்கு நேரா ஒண்ணுகூட விடலை பாருங்க. கையெல்லாம் வெடிச்சும் விடாமக் கழுவியிருக்கீங்க."

நான் சொன்னது இது: "விடுங்கம்மா. ஒரு கட்டம்தானே."

என் வாயிலிருந்து வந்ததிலேயே கேவலமான சொல் அதுதான்.

தன் காலோடு நோய் போனதாக அறிக்கையில் அவரே எழுதிக்கொடுத்தார். நிலையத்தை மூடிவிட்டார்கள். இப்போது ஏதோ அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறார். அதற்குப் பிறகு எந்த ஓடையிலும் கால் வைக்கவில்லையாம். வருஷத்துக்கு ஒரு தடவை போன் செய்வார். முதலில் கேட்பது, "கை ஆறிடுச்சாண்ணே?"

6

முடிவு ஒன்று: போனில் சொல்லிவிடுகிறேன். அழுகிறார். மன்னிக்கிறார். (நம்பாதீர்கள். எழுதுகிறவனுக்கு அது அரை வரி. அவருக்கு ஒன்பது வருஷம்.)

முடிவு இரண்டு: நல்ல ஓடையில் ஒற்றைத் தவளை கத்துகிறது. (நேற்று போய் உட்கார்ந்து பார்த்தேன். கத்தவில்லை.)

முடிவு மூன்று: என் மனைவி ஐந்தாம் பகுதியைப் படித்தாள்.

"அப்போ இத்தன வருஷமா பழி அந்தப் பொண்ணு தலைலயா கிடக்கு?"

போனை எடுத்து வந்து இந்தத் தாளின் மேல் வைத்தாள். போன் தாளின் மேலேயே கிடந்தது. அதை நகர்த்திவிட்டு மீதியை எழுதினேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

7

டாக்டரம்மா நிலையத்தில் ஒரு பத்திரிகை வாங்குவார். வாளி பக்கத்துப் படியில் உட்கார்ந்து கதைப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு என்னிடம் தருவார். அந்தப் பத்திரிகைக்குத்தான் இதை அனுப்புகிறேன். இப்போதும் வாங்குகிறாரா, தெரியாது.

நீங்கள் வேறு யாராவதாக இருந்தால், உங்களுக்கு இது கதை. மடித்து வைத்துவிட்டுப் போங்கள்.

அம்மா, நீங்களாக இருந்தால்: அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் கட்டம் காலியாகவே இருக்கட்டும். என் டிக்குகளைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். முடிவை எழுத எனக்கு உரிமை இல்லை. கீழே ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன்; அதில் என்ன போடுவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கை ஆறிவிட்டது. அது ஆறி ஒன்பது வருஷம் ஆகிறது.

[          ]