கலர் கொடுத்த வீடுகள்

அக்தர் பானுவுக்கு எத்தனை ஓட்டு விழும்? நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கரிசல் ஊரில் இதற்குப் பதில் தெரியாத ஆள் கிடையாது. டீக்கடையில் ஒரு கணக்கு, பஸ் நிறுத்தத்தில் வேறொரு கணக்கு. நிற்கிறவளுக்கு மட்டும்தான் ஒன்றும் பிடிபடவில்லை, பாவம்.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். எதிரே நிற்பவன் செண்பகராஜ். மேலத்தெருவில் நிலபுலன் உள்ள குடும்பம். அப்பா காலத்திலிருந்தே தலைவர் பதவி அவர்கள் வீட்டுச் சொத்து மாதிரிதான். பானு யார்? கீழத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஷம்சுல் ஆலத்தின் மனைவி. கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் தெருவே தவித்தபோது, பெண்களைத் திரட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்து, மோட்டாரை ஓடவைத்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த வேகத்தில் வேட்புமனுவும் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் யோசித்தாள். தோற்பது பெரிதில்லை. சொந்த ஊரில் கைவிரலில் எண்ணுகிற அளவுக்கு ஓட்டு வாங்கிவிட்டு, நாளைக்கு எந்த ஆபீஸ் வாசலில் போய்த் தண்ணீர் கேட்பது? எந்த அதிகாரி மதிப்பான்?

ஓட்டுக் கேட்டுப் போய்வந்த ஒவ்வொரு நாளும் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஷம்சுல் ஆலம், முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவர். அவர் கணக்கு ரொம்ப எளிது. நல்லபடி வரவேற்ற வீடு நமக்கு. முகம் கொடுக்காத வீடு அவனுக்கு.

அப்படிப் பார்த்தால் மேலத்தெரு முழுக்கப் பானுவுக்குத்தான். என்ன மரியாதை, என்ன உபசரிப்பு. வீட்டுக்கு வீடு நாற்காலி போட்டார்கள். ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கிவந்து, மூடியைத் திறந்து கையில் கொடுத்தார்கள். ஆரஞ்சும் பன்னீருமாகக் குடித்துக் குடித்து, மத்தியானச் சோறு அவளுக்கு இறங்கவில்லை.

"செண்பகராஜ் கோட்டையிலயே ஓட்டையப் போட்டாச்சு பானு," என்று அவர் பூரித்துப்போனார்.

கீழத்தெருவில்தான் மானம் போனது. உட்காரு என்று ஒரு வாய் சொல்லவில்லை. அன்றைக்குத் தண்ணீருக்காக ரோட்டில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாய், சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டே ஏசினாள். "இப்பந்தான் வழி தெரிஞ்சுதாக்கும். தெருவுல லைட்டு எரியல, சாக்கடை நாறுது. ஓட்டுக் கேக்க மட்டும் வந்துட்டா." பக்கத்து வீட்டிலும் ஏச்சுதான். அதற்கடுத்த வீட்டுக்காரி, அழுகிற பிள்ளையைப் பானு கையில் திணித்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள். காலனியிலும் குளத்தங்கரையிலும் இதே கதைதான். வேட்பாளரை நடத்துகிற முறையா இது? பானு வீட்டுக்கு வந்து அழுதாள்.

வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் செண்பகராஜ் ஊர்வலம் வந்தான். கலர் கொடுத்த ஆட்கள் அத்தனை பேரும் அதில் போனார்கள். முதல் நாற்காலி போட்டவர்தான் முன்னால் கொடி பிடித்துப் போனார். கடை வாசலில் நின்று பார்த்த ஷம்சுல் ஆலம் அன்றைக்குச் சீக்கிரமே கடையைச் சாத்தினார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மெல்லச் சொன்னார். "மேலத்தெருவும் போச்சு, கீழத்தெரு எப்பவோ போச்சு. அசிங்கப்பட வேண்டாம் பானு. நாளைக்கு மூணு மணிக்குள்ள வாபஸ் வாங்கிருவோம்."

மறுநாள் யூனியன் ஆபீஸ் வராந்தாவில், புருஷன் பக்கத்தில் நிற்க, எழுதிய வாபஸ் மனுவை வைத்துக்கொண்டு அவள் தன் முறைக்காகக் காத்திருந்தாள். அப்போது மினிபஸ் வந்து நின்றது. கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்து விசாரித்துவிட்டு, வெள்ளைத்தாயும் கீழத்தெருப் பெண்களும் திபுதிபுவென்று இறங்கினார்கள்.

"ஏட்டி பானு, யாரக் கேட்டு இங்கன வந்த?"

அடக்கிவைத்திருந்த ஆத்திரமெல்லாம் பானுவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "யாரக் கேக்கணும் மதினி? வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்தியளா? மேலத்தெருவுல கலர் குடுத்தாவ. நீங்க எல்லாரும் ஏசித்தான அனுப்புனிய?"

வெள்ளைத்தாய்க்கு முதலில் விளங்கவே இல்லை. "ஒனக்கு எதுக்குட்டி நான் தண்ணி குடுக்கணும்? எங்க வீட்டுல பானை எங்கன இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா? செண்பகராஜ் வந்தான். நாக்காலி போட்டோம், கலர் குடுத்தோம், வாயத் தொறக்காம அனுப்பிவச்சோம். லைட்டு எரியலன்னு அவன்கிட்ட யாரும் ஒரு வார்த்த சொன்னாவளா? ஓட்டுப் போடப்போறது ஒனக்கு. அப்பம் ஒன்னத்தான ஏச முடியும்."

பானு புருஷனைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே நின்று மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டாள். சாக்கடைக்காக ஏசியவர்கள், ரேஷன் கடைக்காக ஏசியவர்கள், ஒன்றுமில்லாததற்கு ஏசியவர்கள், பிள்ளையைத் திணித்தவள். காலனி முழுக்க ஏசியது. குளத்தங்கரைப் பக்கமும் ஏசியது. அல்லாவே, ஊரில் பாதிக்கு மேல் அல்லவா அவளை ஏசியிருக்கிறது. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிப்போனது. மனுவை நான்காய் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூன்று மணிக்கு அதிகாரி வெளியே வந்து, வேறு யாராவது உண்டா என்று கேட்டார். யாரும் இல்லை என்று அவளே சொன்னாள்.

திரும்பும்போது மினிபஸ்ஸில் ஒரே சிரிப்பும் கூச்சலும். நாகலாபுரத்தில் பெத்தம்மாள் ஏறினாள். பஸ் கப்சிப் ஆனது. பெத்தம்மாள் செண்பகராஜின் சொந்த அத்தை. மேலத்தெருவில் அவன் வீட்டுக்கு எதிர்வீடு. அவளுக்கு வணக்கம் வைப்பதா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதா என்று பானுவுக்குத் தெரியவில்லை.

பெத்தம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி, எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் போனியாம்லா. எங்க வீட்டு வாசல் மட்டும் ஒனக்குக் கண்ணு தெரியலயாக்கும்? எங்க கொழாயில ஒரு மாசமா சொட்டுத் தண்ணி இல்ல. அத யாரு வந்து பாப்பா, ஒங்க அப்பனா?"

வெள்ளைத்தாய் பானுவின் விலாவில் ஓங்கி ஒரு இடி இடித்தாள்.