வாடகைச் சீருடை

தங்கா பத்து என்ற ஊரில் குடியிருக்கும் கலைமகள் ராணுவத்தில் சேர்ந்தவள் அல்ல. வெளிநாட்டில் அமைதிப்படை முகாம் ஒன்றில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளப் போன சாதாரண டெக்னீஷியன். எட்டு மாதம், அறுநூறு பேருக்குக் குடிநீர். வேலிக்கு அப்பால் குண்டு விழுந்த நாட்களிலும் அவள் பம்பை நிறுத்தவில்லை. அதற்காக அவளுக்குப் பதக்கம் கிடைத்தது.

செய்தி பரவியதும் வட்டாரச் சங்கத் தலைவர் குணாளன் பக்கத்து ஊரான கிளேபாங்கின் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார். பேனரில் அவர் முகம் லோரி டயர் அளவு. கலைமகளின் முகம் ஓரத்தில் தபால்தலை அளவு. அவள் வந்ததும் வாசலிலேயே ஒரு பையை நீட்டினார். உள்ளே நாடகக் கடையில் வாடகைக்கு எடுத்த ராணுவ உடை இருந்தது.

“இதப் போட்டுக்கம்மா. படத்துல எடுப்பா இருக்கும்.”

“நான் ஆர்மி இல்லண்ணே. தண்ணி மெஷின் பாத்தேன்.”

“மேடையில தண்ணின்னு சொல்லிடாத லா. சண்டை போட்டேன்னு சொல்லு. தண்ணிக்கெல்லாமா மெடல் குடுப்பாங்க?”

கலைமகளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

“அந்த எட்டு மாசத்துல ஒரு சோல்ஜருக்குக்கூட வயித்தால போகல. அதுக்குத்தான் குடுத்தாங்க. சண்டைதான் வேணும்னா இத நீங்களே போட்டுக்குங்க. தொப்பைக்கு மேல பட்டன் போட முடியுமான்னு மட்டும் பாத்துக்குங்க.”

பையை அவர் கையிலேயே திணித்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

விழா என்னவோ நடந்தது. தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். கலைமகளுக்கென்று வாங்கி வைத்த மாலையை வீணாக்க மனமில்லாமல் தானே போட்டுக்கொண்டார். கைதட்டலுக்கும் குறைவில்லை.